தேசப்பன் மறைத்த படபடப்பு

காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் தேசப்பன் டிரைவர். இருபத்திரண்டு வருஷமாகச் சுக்கான் அவன் கையில்தான். நான் அதே போட்டில் வலை வேலை. உடம்பு சரியில்லை என்று டிரைவர் வாயைத் திறக்க மாட்டான். திறந்தால் ஆளுங்க அடுத்த போட்டுக்குத் தாவிடுவானுங்க. எங்க பக்கம் அப்படி.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் தடவையே நெஞ்சு படபடத்து, சுக்கான் மேலேயே மயங்கிச் சரிந்தான். மத்தவங்க பின்னால் மீன் பிரித்துக்கினு இருந்தாங்க. நான்தான் சுக்கானைப் பிடித்தேன். கண்ணைத் திறந்ததும் சொன்னான்: "யாராண்டயாவது சொன்னே, தோலை உரிச்சுடுவேன்."

படபடப்பு வீட்டிலும் வந்தது. அவன் பொண்டாட்டி செங்கொடி விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போனாள். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மிஷின் ஒட்டினார்கள். அன்றைக்கென்று அது வரவே இல்லை.

"இதயத்துக்குள்ள கரண்டு ஓடுற வழியைப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"ஷாக் வெப்பீங்களா?"

"இல்லப்பா. தொடையை மரத்துப்போக வெச்சு, ரத்தக் குழாய் வழியா மெல்லிசு கம்பி அனுப்புவோம். முழிச்சுதான் இருப்பீங்க. படபடப்பை நாங்களே வரவெப்போம், நிறுத்தவும் தெரியும். வந்தா எப்படி இருக்குன்னு உண்மையைச் சொல்லணும். அதுதான் முக்கியம்."

அதுவரை அவன் போட்டுக்கினு இருந்த படபடப்பு மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி அஞ்சு நாள் முன்னாடியே நிறுத்தினோம். சோதனை நாள் காலையில் வெறும் வயிறு. உள்ளே கொண்டுபோனார்கள். எனக்கு உட்கார முடியவில்லை.

"குந்துண்ணே. நீ நடக்கிறதப் பாத்து எனக்கே படபடன்னு கீது" என்றாள் செங்கொடி.

ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மாவே வெளியே வந்தார். "படபடப்பு வந்தது. திரையில தெளிவா தெரியுது. கடல்ல வர்றது இதுதானான்னு கேட்டா, இல்லங்கிறார். மயங்கி விழுந்திருக்காரா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றாள் செங்கொடி.

சொன்னால் அவன் பொழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஒரு நாள் ஒன்பது பேரோடு போட்டே போகும்.

"விழுந்தான் மேடம். சுக்கான் மேலயே."

செங்கொடி என்னை முறைத்தாள். "என்னாண்டகூட சொல்லல இல்ல நீ?"

டாக்டரம்மா உள்ளே போய்க் கேட்டபோது ஒத்துக்கொண்டானாம். கரண்டு தப்பாக ஓடிய இடத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கம்பி வழியாகவே சூடு வைத்துச் சுட்டு அடைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வார்டில் மல்லாக்கக் கிடந்தான். தொடையில் கட்டு.

"நீதானே சொன்னே, ஓட்டை வாயி?"

"ஆமா."

"போட்டு கடலுக்குப் போச்சா?"

"உன் எடத்துல நம்ம ஆளு கஸ்பார் சுக்கான் பிடிச்சு எடுத்துக்கினு போனான்."

விருட்டென்று எழுந்திருக்கப் பார்த்தான். நர்ஸ் கத்தினாள்: "காலை மடக்காதீங்க, ரத்தம் கசியும்!"

படுத்துக்கொண்டான். "அவனுக்குப் போன் போடு."

போட்டுக் கொடுத்தேன்.

"கஸ்பாரு, எனக்கு சுக்கான் மேல மயக்கம் வந்துச்சுடா. மறைச்சுட்டேன். இப்ப உள்ள சுட்டிருக்காங்க. ஆளுங்களாண்ட சொல்லிடு."

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கஸ்பார் கத்தினான்: "திரும்ப ஓட்டலாமா? டாக்டரு இன்னா சொன்னாங்க?"

"ரெண்டு வாரம் கழிச்சு பாத்துதான் சொல்வாங்களாம்."

"அப்ப பாத்துக்கலாம் நைனா." வைத்துவிட்டான். ஆளுங்க ஏறுவானுங்களா, மாட்டானுங்களா, ஒன்றும் சொல்லவில்லை.

தேசப்பன் போனை என் மேல் வீசினான். "இன்னும் எத்தினி மணி நேரம்டா இப்படியே கெடக்கணும்?"