அருவிக்குப் போன குர்தா

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஃபேஷன் டிசைன் வகுப்பு நடக்கிறது. எட்டாவது படித்திருந்தால் போதும் என்று போர்டில் எழுதியிருந்ததை நாலைந்து நாள் கீழே நின்று படித்துவிட்டுத்தான் படியேறினேன். உள்ளே போய் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கூடப் படித்ததெல்லாம் சின்னப் பிள்ளைகள். டீச்சரே என்னைவிட இளையவள், அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

வீட்டில் பதினொரு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். கொஞ்சம் மாறினாலும் சண்டைக்கு வந்துவிடுவார்களே என்று பயந்து அப்படியே தைத்துக் கொடுப்பேன். தெருவில் எனக்கு நல்ல பேர் இருந்ததும் அதனால்தான். வகுப்பில் சர்டிபிகேட் வாங்கினால் தென்காசியிலேயே ஒரு துணிக்கடையில் கட்டிங்குக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அது இல்லாமல் வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

வருஷக் கடைசியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பேர்பெற்ற ஏதாவது ஒரு பிராண்டின் உடுப்பைப் பார்த்து, இன்ஸ்பிரேஷன் எடுத்து, ஒன்று தைத்துக் காட்ட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஒரு மேடம் வந்து மார்க் போடுவார். இன்ஸ்பிரேஷன் என்ற இங்கிலீஷ் வார்த்தை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சின்னப் பிள்ளைகள் முன்னால் கேட்கவும் கூச்சமாக இருந்தது. பார்த்துத் தைப்பதுதானே, நமக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து இலத்தூர்க்காரப் பெண் ஒருத்தி, பெங்களூரில் வேலை பார்க்கிறவள், இடுப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு குர்தாவைத் தந்தாள். பெரிய பிராண்ட், ஊருக்கு ஊர் கடை உள்ளது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. கீழ் ஓரத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு அதே துணியில் உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைத்திருந்தார்கள். எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. அவளிடம் கேட்காமலே பேப்பரில் அளவெடுத்துக்கொண்டேன். மூன்று நாளில் அதே மாதிரி ஒன்று தைத்துவிட்டேன். பக்கத்தில் வைத்தால் எது கடையில் வாங்கியது என்று எனக்கே குழப்பம் வரும்.

டீச்சர் அதை உள்ளும் புறமும் பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தையல் நூத்துக்கு நூறு. ஆனா இது அப்படியே அவங்க துணிதான. இதுல ஒங்க வேல எது?"

வருகிற மேடம் காப்பி என்று கண்டால் ஃபெயில்தான் போடுவார், வேறு தைத்துக்கொண்டு வாருங்கள் என்றாள். பதினெட்டு நாள் இருந்தது. எட்டு நாள் கவலைப்பட்டதிலேயே போய்விட்டது. பேப்பரை எடுத்தால் வேறு எதுவும் வரவில்லை, அந்தக் குர்தாதான் வந்தது.

ஒன்பதாவது நாள் என் நாத்தனார் ராயகிரியிலிருந்து பிள்ளைகளோடு வந்தாள். சீசன் நன்றாக இருக்கிறது, குற்றாலம் போகலாம் என்றாள். எனக்கு இருந்த கலக்கத்தில் மாட்டேன் என்று சொல்லக்கூடத் தெம்பில்லை. போட்டுக் குளிக்கப் பழைய துணி தேடினேன். ஒன்றுக்கும் ஆகாமல் போன அந்தக் குர்தா கண்ணில் பட்டது. அதையே போட்டுக்கொண்டேன்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் விழுந்து எகிறுகிற வேகத்தில் எல்லாருக்கும் சட்டை மேலே ஏறுகிறது. ஒரு கையால் கம்பியைப் பிடிக்கிறார்கள், ஒரு கையால் துணியைப் பிடிக்கிறார்கள். நான் வழுக்கிவிடுமோ என்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தேன். அதனால் எனக்குத் தெரியவில்லை. நாத்தனார்தான் பார்த்தாள்.

"எங்க துணியெல்லாம் குடை மாதிரி விரியுது. ஒங்களுக்கு மட்டும் எப்படி மதினி பேசாம கெடக்கு? ஃபெயிலான துணின்னு சொன்னிய?"

குனிந்து தொட்டுப் பார்த்தேன். அந்த நாலு விரல் பட்டி நனைந்து கனத்து, துணியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. துணி பறக்காமல் தொங்கத்தான் கடைக்காரர்கள் அதை வைத்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு நான் குளிக்கவில்லை. ஓரமாக நின்று பெண்களின் துணிகளையே பார்த்தேன். கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்கிறது. வெளிர் நிறம் போட்டவர்கள் துண்டைத் தேடி ஓடுகிறார்கள். ரொம்ப நேரம் பார்க்கவும் பயம், யாராவது தப்பாக நினைத்துவிட்டால்?

திரும்பும்போது என் பட்டியில் தேங்கிய தண்ணீர் வடிந்து ஆட்டோ சீட் முழுக்க ஈரம். ஆட்டோ அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் தென்காசி வருகிறவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மீதி நாளில் அருவிக்கென்றே ஒன்று தைத்தேன். அடர் நீலத்தில் பூப்போட்ட மெல்லிய பருத்தி. மார்புப் பக்கம் இரண்டடுக்கு. கை தூக்க வசதியாக அக்குளில் சதுரமாக ஒரு துண்டு. கீழே அந்த நாலு விரல் பட்டி. ஆட்டோ சீட்டை நினைத்து, பட்டியின் அடியில் தண்ணீர் இறங்க பட்டன் ஓட்டை மாதிரி ஆறு ஓட்டை போட்டு ஓரம் கட்டினேன்.

சொன்ன நாளில் மேடம் வந்தார். அவர் குர்தாவைப் புரட்டிவிட்டு, அந்த பிராண்டிலிருந்து என்ன எடுத்தீர்கள் என்று கேட்டார். ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது?

"இந்தப் பட்டி அவங்களோடது மேடம். அப்படியே எடுத்துட்டேன். மத்ததெல்லாம் அருவில நின்னு பாத்தது."

மேடம் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். என்னவோ எழுதினார். ரிசல்ட் வரும்வரை இரண்டு வாரமும் நான் தூங்கியதாக நினைவில்லை. பாஸ். இப்போது அந்தக் கடையில்தான் கட்டிங்கில் இருக்கிறேன்.

அந்த நீலக் குர்தாவை வகுப்பில் கண்காட்சிக்கு வைத்தார்கள். பிள்ளைகள் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்கள். அடுத்த சீசனில் ஐந்தருவியில் ஒரு பெண் அதே நீலப் பூவில், அதே பட்டி வைத்த குர்தாவோடு குளித்துக்கொண்டிருந்தாள். நான் தைத்ததில்லை. யாரோ போனில் பார்த்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கோபம் வரவில்லை. ஆனால் அவள் வெளியே வந்தபோது பார்த்தேன், படத்தில் தெரியாததாலோ என்னவோ, அடியில் ஓட்டைகள் இல்லை. போய்ச் சொல்லலாமா, ஏன் குறை சொல்கிறாய் என்று சண்டைக்கு வருவாளோ என்று நான் யோசித்துக்கொண்டு நிற்பதற்குள், அவள் சொட்டச் சொட்ட ஒரு காரில் ஏறிப் போய்விட்டாள்.