பேரிக்காய் வந்த தூக்குவாளி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. எழுத உட்கார்ந்தால் முன்னது பின்னதாகிவிடும், பாதி மறந்தும்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த எண்பதுகள் அது. என் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் பழக்கடை. பக்கத்துப் போர்ஷனில் ஒரு குடகுக்கார அக்காவும் அவர் கணவரும் இருந்தார்கள். அவருக்குக் கம்பெனியில் வேலை. அக்கா கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். நான் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன், அவரிடம் மட்டும் பேச்சு வரும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரம் போய் வந்துகொண்டே இருக்கும். எதுவும் காலியாகத் திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

ஆவணியில் அவர்கள் ஊர்ப் பண்டிகை. துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்களாம். அதற்கென்று அக்கா முன்கூட்டியே ஜாடியில் அரிசி, சர்க்கரை, ஈஸ்ட், உலர்ந்த திராட்சை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு ஊறவைத்து ஒயின் வடிப்பார். பேரிக்காயைத் தோல் சீவி, காம்பை விட்டு, முழுசாக அந்த ஒயினில் போட்டுச் சின்னத் தீயில் வேகவைப்பார். கெட்டிக் காயாக வேண்டும், பழுத்தது குழைந்துவிடும். காய் எங்கள் கடையிலிருந்துதான் போகும்.

நாங்கள் முஸ்லிம்கள், ஒயினைத் தொடமாட்டோம். அதனால் எங்களுக்கென்று வேறு சட்டியில், சர்க்கரைப் பாகில் அதே பட்டை கிராம்பு போட்டுச் செய்து தருவார். பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம்.

ஒரு வருஷம் தூக்குவாளியில் காய் கொடுத்தனுப்பியிருந்தேன். மறுநாள் மதியம் அக்காவின் கணவர் அதைத் திருப்பிக்கொண்டுவந்தார்.

"அவ குளிக்கறா. காலியா குடுத்தேன்னு தெரிஞ்சா என்னைத் தின்னுடுவாம்மா," என்று சிரித்தார். உள்ளே பாகோடு பேரிக்காய்.

என் வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

"இந்த வாட்டி தூக்கலா இருக்கே! உனக்கு ஏன் இந்தக் கை வர மாட்டேங்குது?" என்று என்னைச் சீண்டினார்.

சாப்பிட்டு முடிக்கவும், ஈரத் தலையோடு அக்கா ஓடிவரவும் சரியாக இருந்தது.

"தின்னுட்டீங்களா? அய்யோ, தப்பாயித்து தங்கச்சி! அது ஒயின் சட்டியில இருந்தது. அந்த மனுஷன் கண்ணை எங்க வெச்சிருந்தாரோ!" வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

என் வீட்டுக்காரர் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "தெரியாம தின்னதுக்கு அல்லா மன்னிப்பான், அழாதீங்கம்மா. நல்லாருக்குன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன், அதுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல," என்றார்.

அக்கா சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். எனக்கு வார்த்தை எழவில்லை, கோபமே இல்லை. ஆனால் பேசாமல் நின்றதைக் கோபம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார் போல.

அடுத்த ஆவணியில் கெட்டிக் காயாகப் பொறுக்கி நானே எடுத்துப் போனேன். ஜாடி பரண்மேல் கவிழ்ந்து கிடந்தது.

"இனி ஒயின் பேடாம்மா, வேணாம்," என்றார் அக்கா.

"எங்களுக்குத் தர வேணாங்கா. உங்களுக்குச் செய்யுங்க."

"பாத்திரம் மறுபடி மாறிடும். எனக்கு நடுக்கமா இருக்கு."

எல்லாக் காயையும் சர்க்கரைப் பாகில்தான் போட்டார். பண்டிகையன்று அவர் கணவர் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கும்மா," என்று குனிந்துகொண்டார். எங்களுக்காக அவர்கள் பண்டிகையில் ஒன்று குறைந்துவிட்டது. வாசற்படியில் அழுத அன்றைக்கே அக்காவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜாடி இறங்கியிருக்குமோ என்னவோ.

பிறகு அவர்கள் ஊரோடு போய்விட்டார்கள்.

பண்டிகை ஆவணியா புரட்டாசியா, ஜாடியில் ஏலக்காயும் உண்டா, எனக்கு நிச்சயமில்லை. குடகுக்காரர்கள் யாராவது படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். ஓசூரில் இருந்து திரும்பிய ஓர் அக்கா அங்கே மறுபடி ஒயினில் பேரிக்காய் வேகவைத்தாரா என்றும் முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.