புழுவுக்கு ஜாதகம் பார்த்த கோமதி

கோமதி இறந்த சேதி வந்தபோது என் வீட்டில் இருந்தவர்கள்: மகன் சுப்பையா, மருமகள் பகவதி, வாழைத்தார் வெட்ட வந்த இசக்கி. கன்று கேட்டு வாசலில் நின்றவர் பக்கத்து வயல் பரமசிவம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அவள் தம்பி, "அக்கா போயிட்டா ஆச்சி" என்றான். மஞ்சள் காமாலையாம். எனக்கு மகள் வயதுதான் அவளுக்கு.

எங்கள் வாய்க்கால் பக்கம் வாழைக்கன்றை விற்பதில்லை. கேட்டவருக்குத் தோண்டிக் கொடுப்போம். முன்பு அப்படி என்னிடம் வாங்கி நட்ட பரமசிவத்தின் வாழை மஞ்சளடித்துச் சாய்ந்தது. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீக்கம்; உள்ளே கண்ணுக்குத் தெரியாத புழு. "ஆச்சி வீட்டுக் கன்னு கொண்டாந்த சீக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார். என் வயல் வேரிலும் முடிச்சு இருந்தது. நான் எந்த வாயால் மறுப்பேன்? அதன்பின் என் வீட்டுக் கன்றை ஒருவரும் தொடவில்லை.

பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்த கோமதியிடம் போய் அழுதேன். "பூதக்கண்ணாடில பாத்தா ரெண்டு புழுவும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் ஆச்சி. அதுக மரபணுவுல அடையாளம் இருக்கு. அதைப் பாத்தாத்தான் எது எந்த வகைன்னு பிரிக்க முடியும்" என்றாள்.

உச்சிவெயிலில் பரமசிவம் வீட்டில் போய் வேர் கேட்டாள். "புழுவுக்கு ஜாதகம் பாக்க வந்தியாக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஜாதகந்தான் ஆச்சி, அண்ணாச்சி சரியாத்தான் சொல்லுதாரு." அவர் பிடுங்கி வாய்க்கால் கரையில் எறிந்திருந்த வாழைகளில் வேரை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு, புழுக்களின் மரபணுவைக் கோடு கோடாகக் காட்டும் ஒரு படத்தோடு வந்தாள். மடையடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள். "இந்தக் கோடெல்லாம் ஆச்சி வயல் புழு. அண்ணாச்சி வயல் புழுவுக்குக் கோடு வேற இடத்துல விழுதுல்லா. ரெண்டும் வேற வகை. ஆச்சி கன்னுல இது போகல" என்றாள். அவளே முதல் ஆளாக, "எங்க கொல்லைக்கு ரெண்டு கன்னு தாங்க ஆச்சி" என்றாள்.

"ஏட்டி, இதுலயும் புழு இருக்குன்னியே?" என்றேன்.

"வேரைச் சீவி, பதமான வெந்நியில முக்கி நட்டாப் போச்சு."

அடுத்து இசக்கி கேட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள்.

திரும்பும் வழியில் சொன்னாள்: "அண்ணாச்சிய ஏசாதீங்க ஆச்சி. இரவல் மண்வெட்டில ஒட்டின மண்ணுலகூட வந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியவா செய்யும்?"

அவள் சொன்னதில் பாதியை வைத்திருக்கிறேன். மண்வெட்டியைக் கழுவாமல் வரப்பைத் தாண்டுவதில்லை. கன்றை வெந்நீரில் முக்காமல் கொடுப்பதில்லை. மறுபாதி என்னால் ஆகாது. என்மேல் போட்ட பழியைக்கூட விட்டுவிடுவேன். வெயிலில் நின்ற பிள்ளைக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கவில்லையே அண்ணாச்சி.

சேதி வந்த அன்று வாசலில் நின்றவருக்குக் கன்று கொடுத்தேன், சீவி, வெந்நீரில் முக்கி. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கொடுக்கமாட்டேன், பரமசிவத்துக்கு.