சீரியல் மாமியாரைப் பார்த்த ஞாயிறு

எங்கள் மாமாவுக்கு சினிமாவிலும் டிவியிலும் எல்லாரையும் தெரியும் என்று, ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில், எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. மாமாவும் அதை மறுத்ததில்லை. படப்பிடிப்புகளுக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டுபவர் அவர். எந்த நடிகர் பேச்சு வந்தாலும், "நம்மாளுதான், ஷோக்கா பேசும்" என்பார். ஜெனரேட்டர் வண்டியைச் சத்தம் கேட்காதபடி தெருக்கோடியில்தான் நிறுத்திவைப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எட்டரை மணி சீரியலில் வரும் மருமகள் என்றால் எனக்கு உயிர். அவளைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு அழ, கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன். என்னோடு ஒரு நாள் விடாமல் அதைப் பார்ப்பவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடமே மாமியார் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவர். ஏனென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். பெரியம்மா அம்பத்தூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போவார், வருவார், அதிகம் பேசமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே மாமாவிடமிருந்து போன்.

"வேலப்பன்சாவடில ஷூட்டிங்கு கீது. உங்க சீரியலுதான். ஈரோயினு, மாமியாரு ரெண்டு பேரும் வந்துகீறாங்கோ. உடனே கெளம்பி வா!"

நான் கோயிலுக்குப் போட்டிருந்த கவுனைக்கூட மாற்றவில்லை. அம்மா அடுப்பில் கறியை ஏற்றிவிட்டார், அதனால் பெரியம்மாதான் என்னைக் கூட்டிப்போனார். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி அக்காக்களிடம், அவர்கள் கேட்காமலேயே, யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு பெரிய பங்களா வாசலில் மாமா காத்திருந்தார். "நம்ம ஊட்டு ஆளுங்க" என்று அவர் எங்களை உள்ளே கூட்டிப்போகப் பார்த்தபோது வாசலில் நின்றவர், "நீங்க யாருண்ணே?" என்று மாமாவையே கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெனரேட்டர் என்றார். விட்டுவிட்டார்கள்.

உள்ளே, டிவியில் பார்த்த அதே முகம்! மருமகள்! என் காதெல்லாம் சூடாகிவிட்டது. மாமியார் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, வாசலுக்கு வெளியே தள்ளி, பெட்டியையும் தூக்கி எறிந்து கதவைச் சாத்துகிற காட்சி. முதல் தடவை லாரி ஹாரன் கெடுத்தது. அடுத்த தடவை காக்கா. ஒவ்வொரு தடவை "கட்" சொன்னதும் வெளியே விழுந்து கிடந்த மருமகள் எழுந்து கண்ணீரோடு போனைப் பார்த்தாள். எனக்கு அது தாங்க முடியாத அதிசயமாக இருந்தது. பெரியம்மாவின் கை மட்டும் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. வலித்தது, ஆனால் வேடிக்கையில் நான் சொல்லவில்லை.

இடைவேளையில் மாமா என்னை மருமகளிடம் தள்ளிவிட்டார்.

"உன் பேரு என்ன செல்லம்?"

"அஞ்சாவது பி" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். மாமா எடுத்த போட்டோவில் அவள் முகத்தில் பாதியும் என் கவுன் முழுதும் விழுந்தன. என் வாழ்க்கையில் இனி ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

திரும்பிப் பார்த்தால் பெரியம்மா பக்கத்தில் இல்லை. மரத்தடியில் நாற்காலி போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்த மாமியாருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, போட்டோவா?" என்றார் அந்த நடிகை.

பெரியம்மா கையில் போன் இல்லை. "அந்தப் பொண்ண ஏன் வெளிய அனுப்புனீங்க?" என்றார். "அவ இன்னா தப்பு பண்ணா?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோலத்தான் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா பதறி ஓடினார்.

"எக்கா, இன்னாக்கா நீ! அது நடிப்புக்கா! மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்கு ஒண்ணியும் தெரியாது."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. மருமகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பு எது, நிஜம் எது என்றுகூடத் தெரியாத பெரியம்மா எனக்கு ஏன் வாய்த்தார் என்றிருந்தது.

அந்த நடிகையும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பெரிய பொட்டும் காசுமாலையுமாக, டிவியில் வருகிற அதே கோலத்தில், பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

பெரியம்மா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். ஷாட் ரெடி என்று யாரோ கூப்பிட்டார்கள். பெரியம்மா தாமாகக் கையை எடுத்துக்கொள்ளும்வரை அந்த அம்மாள் நகரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியம்மா ஜன்னலில் தலை சாய்த்து அப்படியொரு தூக்கம் தூங்கினார். ஆவடியில் நான்தான் உலுக்கி எழுப்பினேன்.

மறுநாள் பள்ளியில் நான்தான் ராணி. மருமகளின் வளையல் நிறம் முதல் அவள் போட்டிருந்த செண்ட் வாசனைவரை சொல்லி முடித்தபிறகு, மாமியார் கதையையும் சொன்னேன். "அவ மேல தப்பில்ல" என்று சொல்ல வேண்டியவர், மாற்றி "உன் மேல" என்று சொல்லிவிட்டார் பாருங்கள், அவ்வளவு பெரிய நடிகைக்கு ஒரு வரி வசனம் சரியாக வரவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.