தங்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு

2005இல் மரக்காணம் உப்பளத்தோரம் எங்கள் பஸ் பழுதாகி நின்றது. என்னோடு இறங்கிய மெலிந்த ஆராய்ச்சி மாணவி, சிவப்புத் தண்ணீர் கொண்ட சிறு புட்டியை அடிக்கடி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். மாலை சென்னையில் தன் பேராசிரியரிடம் காட்டவேண்டிய ஒரே புட்டி அதுதான் என்றாள்.

உப்புக்கூடையோடு வந்தவர் கேட்டார்: "ரோஸ்மில்க்காம்மா?"

"தங்கங்க. கண்ணுக்குத் தெரியாத தூளு."

"தங்கம் மஞ்சளால்ல இருக்கும்? யார்கிட்ட கதை வுடுற!"

அவள் கூடையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பைப் புட்டியில் போட்டாள். தண்ணீர் நீலமானது.

"தூளு தள்ளித்தள்ளி இருந்தா சிவப்பு. உப்பு பட்டா நெருங்கிடும், வெளிச்சம் வேற மாதிரி படும்."

"மறுபடி சிவப்பாவுமா?"

"ஆவாதுங்க."

"அய்யய்யோ, எனக்குக் காட்டவா வீணாக்கிட்ட?"

அவள் சிரித்தாள். பஸ் கிளம்பிய பிறகும் நீலப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். உப்பைக் கோபத்தில் போட்டாளா, ஆசையாகப் போட்டாளா என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.