உறை கழற்றாத மெத்தைகள்

பண்டத்தரிப்பில் ஒரு ஓய்வுபெற்ற தபாலதிபர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்பார். கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய புது ஸ்பீக்கர் காதைக் குத்துகிறதென்று, ஸ்பீக்கர் திருத்துகிற என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பிழை ஸ்பீக்கரில் இல்லை. பெரிய வீடு, வழுவழுத்த தரை, வெறும் சுவர்; சத்தம் பட்டுப் பட்டுத் தெறித்தது. கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிளைக் குறைத்தும் அடங்கவில்லை.

"மெத்தை இருந்தால் சுவரோடை சாத்துவம், ஐயா. அது சத்தத்தை உறிஞ்சும்."

நாலு மெத்தைகள் இருந்தன, கடைப் பொலித்தீன் உறையோடு. சாத்தினோம். இன்னும் கீச்சிட்டது.

"பொலித்தீனும் சத்தத்தைத் திருப்பி அடிக்குது. உந்த உறையைக் கழட்டினால் சரிவரும்."

"வேண்டாம் தம்பி. பிள்ளையள் வந்து படுக்கேக்கை புதுசா இருக்கோணும்."

"எப்ப வருகினம்?"

அவர் உறையில் தடித்துப் படிந்திருந்த தூசியைச் சால்வையால் துடைத்தார். பிறகு பஞ்சை இன்னும் இறுக அடைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார்.

நான் சரிசெய்யாமல் திரும்பிய வீடு அது ஒன்றுதான்.