மூக்கக்காவும் நாலாவது பீப்பாயும்

விஸ்கித் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் மூக்கக்காதான். இருபத்தாறு வருஷமாக அவள் தலைக்கு வாசனை எண்ணெய் வைத்ததில்லை, பச்சை வெங்காயம் தொட்டதில்லை. பீப்பாயில் ஊறிய விஸ்கியில் தண்ணீர் கலந்து முகர்வாள். ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, “இன்னும் ரெண்டு வருஷம் தூங்கட்டும்” என்பாள். மறுபேச்சு கிடையாது. மேலாளர் அவள் படத்தையே விஸ்கிப் பெட்டியில் அச்சடித்துவிட்டார்.

மழை விடும் சமயம் ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் இறங்கியது. போகிற போக்கில் வாசனையையும் வாரிக்கொண்டு போயிற்று. ஜலதோஷம் என்று ஒரு மாதம் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். மருத்துவர், “வரலாம், வராமலும் போகலாம்” என்று கைவிரித்தார்.

வெளியே மூச்சு விடவில்லை. நாக்கில் இனிப்பும் துவர்ப்பும் காரமான எரிச்சலும் மிச்சமிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பழைய நோட்டுகளிலிருந்து பொறுக்கி, மூன்று மாதம் ஒப்பேற்றினாள். தினமும் சுவைப்பறைக் கதவு பின்னால் சாத்திக்கொண்டதும் முதலில் நோட்டைத்தான் பிரிப்பாள்.

ஒரு விடுமுறை நாளில் அவள் அடுப்படியிலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பஸ் ஓட்டுநரான கணவர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

“பால் அடிப்பிடிச்சு வாசல் வரைக்கும் தீயிற வாடை. பக்கத்துலயே நிக்கிற, தெரியலையா?”

அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“எத்தனை நாளா?”

“காய்ச்சல்லேர்ந்து.”

“சொல்லிடு. இதுக்கா உன்னைத் தூக்குல போடப் போறாங்க?”

“மூக்கு இல்லாத மூக்கக்காவை என்னங்க பண்ணுவாங்க?” என்றவள் அழுதுவிட்டாள்.

அந்த வாரம்தான் புது சிங்கிள் மால்ட் விஸ்கி சுவைப்புக்கு வந்தது. புகை ஏற்றிய தானியத்தில் வடித்து, ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் பன்னிரண்டு வருஷம் ஊறியது. ஆறு பீப்பாய், ஆறு கிளாஸ். கருஞ்சிவப்பு நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. முகர்ந்தால் வெறும் காற்று. வாயில் வைத்தால் நெருப்பு, பின்னால் கொஞ்சம் துவர்ப்பு. “உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், அணைஞ்ச விறகோட புகை” என்று மனப்பாடமாகச் சொல்லி ஆறுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டாள்.

நடைபாதையில் பீப்பாய் பழுதுபார்ப்பவர் காத்திருந்தார்.

“மூக்கக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாலாவதுல கந்தக நாத்தம் குடலைப் புரட்டுது. காலிப் பீப்பால பூஞ்சை பிடிக்காம இருக்க உள்ள கந்தகம் கொளுத்துவாங்கல்ல, அது மரத்துலயே தங்கிடுச்சு. நீங்க எப்படி விட்டீங்க?”

மற்ற ஐந்தோடு அதைக் கலந்தால் மொத்தமும் பாழ். அவள் நேரே மேலாளர் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “வேற ஆளைப் போடுங்க சார். என்னை லேபிள் ஒட்டுற இடத்துக்கு மாத்திடுங்க.”

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.”

“அதோட நிக்கட்டும்மா. பெட்டில உங்க முகம் இருக்கு. ஏழு நாட்டுக்குப் போகுது. நாலாவதை எடுத்துடுறேன். இனிமே பீப்பாய்க்காரர் முதல்ல மோந்து பார்த்துச் சீட்டு எழுதித் தருவார். நீங்க கிளாஸைத் தூக்கினாப் போதும்.”

“அது பொய்யில்லையா சார்?”

“இருபத்தாறு வருஷம் உண்மையாத்தானே மோந்தீங்க? அந்தக் கணக்குல வெச்சுக்குங்க.”

உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நம்பி வந்தவள், அதே உண்மை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாவது பீப்பாயை ஒதுக்கினார்கள். புது விஸ்கி நன்றாகவே வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம் சுவைப்பறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் கிளாஸைச் சுழற்றினாள், கண்ணை மூடினாள், முகர்ந்தாள், ஒரு வாய் வைத்தாள். கூட்டத்தில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் கேட்டாள்:

“மேடம், முதல்ல உங்களுக்கு என்ன தெரியுது?”

சீட்டில் ‘விறகுப் புகை’ என்றிருந்தது. அவளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“எரியுது” என்றாள். “வேற ஒண்ணும் தெரியலை.”

 கூட்டம் கைதட்டியது. இரண்டு பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற மேலாளர் சிரித்தபடி அடுத்த கிளாஸை அவள் முன்னால் நகர்த்தினார்.